மேசைத் தாளமும் மனோதர்ம இயந்திரமும்

ஆவடியை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பல பிள்ளைகளின் பெற்றோர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். இயந்திரம் என்றால் என்ன என்று கேட்டால், ஒரே மாதிரி ஆயிரம் பொருள் செய்து தருவது என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் தொடங்கிய அன்று, ஒருமுறை வாசித்ததை மறுமுறை அப்படியே வாசிக்காத இயந்திரங்களும் உண்டு என்றேன். யாரும் நம்பவில்லை.

எழுதிவைத்ததை வாசிக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதை நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்கிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கில் வைன்பெர்க் குழுவினர் உருவாக்கிய ‘ஷிமோன்’ என்ற ரோபோ, நான்கு கைகளில் எட்டுக் கோல்களைப் பிடித்து மரிம்பா வாசிக்கும். உடன் வாசிப்பவரைக் கேட்டு அதற்கேற்பப் பதில் வாசிக்கும். அங்கேயே ராகவசிம்மன் சங்கரநாராயணன் கர்நாடக இசைக்கென ‘ஹதானி’ என்ற வயலின் ரோபோவை வடிவமைத்தார். 2021இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளியானது. அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிருதங்கக் கலைஞர் அக்‌ஷய் அனந்தபத்மநாபனுடன் சேர்ந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது என்று எண்ணிப் புதிய தாள வரிசைகளை உருவாக்கும் முறையை 2016இல் வெளியிட்டார்கள். கணினி இல்லாமலே நம் வகுப்பறையில் செய்து பார்க்கக்கூடியது இந்த மூன்றாவதுதான்.

பூந்தமல்லிப் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவனை, மேசையில் தட்டாதே என்று இரண்டு ஆண்டுகளாக அதட்டி வந்திருக்கிறேன். அன்று தட்டச் சொன்னேன். அவனுக்கு முதலில் சந்தேகம்; பிறகு தட்டினான். உள்ளங்கை அடிக்கு ‘தொம்’, விரலுக்கு ‘த’, நகத்துக்கு ‘கி’ என்று மற்றவர்கள் எழுதினார்கள். ‘தொம்’முக்கு அடுத்து ‘த’ 12 முறையும் ‘கி’ 6 முறையும் வந்திருந்தன. ஆகவே ‘தொம்’ வந்தபின் பகடையில் 1 முதல் 4 வரை விழுந்தால் ‘த’; 5, 6 விழுந்தால் ‘கி’. மற்ற இரண்டுக்கும் இப்படியே. பகடை உருட்டி வந்த வரிசையை ஒரு மாணவி தட்டினாள். அவன் சாயல் இருந்தது. அவனுக்குத்தான் திருப்தியில்லை.

“சார், இது எங்கயும் போய் நிக்க மாட்டேங்குது.”

சரியாகப் பிடித்துவிட்டான். முந்தைய ஓர் அடியை மட்டும் நினைவில் வைத்தால் அட்டவணையில் 3 வரிசைகள் போதும். இரண்டு அடிகள் என்றால் 9, மூன்று என்றால் 27. நினைவு கூடக்கூட அவன் வாசிப்பை நெருங்கும். ஆனாலும் சமத்தில் வந்து விழாது. அதற்குப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. அதை மூன்று முறை, நடுவே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டு வாசித்தால் 15 + 4 = 19. ஆகவே 13 மாத்திரை கழிந்ததும் தொடங்கினால் அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் சரியாக இறங்கலாம். இந்தக் கணக்கையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். என் பிள்ளைகள் இடைவெளியை மாற்றி மாற்றி, மணி அடித்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சமன்பாட்டுப் பாடத்தில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அதைவிடக் கடினமான ஒன்று மறுநாள் தெரிந்தது. அந்த மாணவி பாட, அவன் தட்டினான். நடுவில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவன் கையைத் தூக்கியபடி, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். பகடை காத்திருக்காது. ஷிமோனுக்குத் தலை வைத்து, தாளத்துக்கு ஏற்ப ஆட்டச் செய்திருப்பது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்ள இயந்திரத்துக்கும் ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவன் கேட்டான்: “சார், அந்த மிஷினுக்குப் பறை அடி தெரியுமா?” அவன் மாமாவிடம் பறை கற்கிறானாம். இரண்டு ஆண்டுகளில் நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்க வைக்கிறோமோ அதைத்தான் இயந்திரம் வாசிக்கும். யாராவது பறையைப் பதிவு செய்து, அடிகளைப் பிரித்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்றேன். “நாமே எழுதலாமே சார்” என்றான்.

வெள்ளிக்கிழமை பறையைக் கொண்டு வருகிறான். தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்ற வேண்டுமாம். மைதானத்தின் மூலையில் இடம் கேட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.