கதவைத் திறக்கத் தெரியாத பயணி

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்திருக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று வரிசையாகச் சொல்லிவரும் அந்தக் கல்வெட்டு, தண்ணீர் கொண்டுவரும் ஆளையும் மறக்கவில்லை.

போன சித்திரையில் அதைப் பார்க்கத்தான் போனோம். வேனை ஆற்றோரம் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினோம். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, எங்கள் நாட்டு நாய் மணியை உள்ளேயே விட்டுவிட்டுப் போனோம். கால் மணி நேரம் என்று நினைத்தது முக்கால் மணி நேரமாகிவிட்டது. அதற்குள் மர நிழல் நகர்ந்திருந்தது. கதவைத் திறந்தபோது மணியால் எழுந்து நிற்க முடியவில்லை. நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்க, வாயோரம் எச்சில் கெட்டியாக ஒழுகிக்கொண்டிருந்தது. மணி பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு நான் செய்தது தவறு. இன்னொருவர் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாயோடு ஊர் ஊராகப் போவது நம் ஊருக்குப் புதிதில்லை. ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு மாதக்கணக்கில் நடக்கும்போது நாயும் கூடவே நடக்கிறது. வெயில் ஏறினால் அது தானாகவே மரநிழலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும், கண்மாயில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். வேனுக்குள் வரும் நாய்க்கு அந்த வழி இல்லை. சன்னல், விசிறி, தண்ணீர் எல்லாமே நம் கையில்தான் இருக்கின்றன.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெளியே 35 டிகிரி வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 45 டிகிரியை நெருங்கிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. நாயின் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அப்படி ஆகிவிட்டால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். ஈரத்துணியால் மூடிவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும், அதனால் அதுவும் வேண்டாம். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம் கெடுவதும் ரத்தம் உறையாமல் போவதும் பிறகுதான் தெரியவரும்.

“ஏசியைப் போட்டுவிட்டுப் போனால் போச்சு” என்று பலர் சொல்கிறார்கள். இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றுவிடும். வண்டிக்குள் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் நடந்ததை மறக்கக்கூடாது. சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று நிபுணர்களின் ஆய்வு சொன்னது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மனிதர்களே தப்பிக்காத இடத்தில் நாய் என்ன செய்யும்?

இனி சட்டம். மயிலை, அடையாறு பக்கத்து மக்களுக்குக் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியை நடனத்துக்காகத் தெரியும். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. விலங்கை வேதனைப்படும்படி ஏற்றிச் செல்வது, போதிய உணவும் தண்ணீரும் நிழலும் கொடுக்காதது, காரணமின்றி அநாதையாக விட்டுப் போவது எல்லாம் அதன் 11-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. இதை மாற்றாமல் வைத்திருப்பது நம் எல்லோருக்கும் வெட்கம். தவிர, இவற்றில் பெரும்பாலானவை போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றங்கள், மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். நாயைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது மட்டும் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லத் தெரிந்திருந்தால் நல்லது.

நம் நாய் அடுத்தவரைக் கடித்தால் சட்டம் நம் பக்கமும் திரும்பும். விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்ததற்கு அதே நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேன் கதவைத் திறக்கும் முன்பே கயிறு கையில் இருக்க வேண்டும். திருமுக்கூடல் சாலையில் கல் லாரிகள் ஓடுகின்றன. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து இங்கே வரும் பாரிவேட்டை நாளில் கூட்டமும் மேளமும் வாணவேடிக்கையும் சேர்ந்து எந்த நாயையும் மிரள வைக்கும். அன்றைக்கு நாயோடு வராதீர்கள்.

கடிபட்டவர் யாராக இருந்தாலும் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். மீதி ஊசிகள் 3, 7, 28-ஆம் நாட்களில். பயணத்துக்கு நடுவே இருந்தாலும் அடுத்த ஊர் அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டித் தொடரலாம். ரத்தம் வரும்படி கடி ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தெருநாய் நம் நாயைக் கடித்தால், ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறுபடி போட வேண்டும்.

வண்டியில் ஒரு கோப்பு இருக்கட்டும்: தடுப்பூசிப் புத்தகம், கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, நாயோடு நீங்கள் நிற்கும் படம், மைக்ரோசிப் எண், ஊரில் உரிமம் கட்டாயம் என்றால் அதுவும். நாய் திருடு போனால் அது திருட்டுதான். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மனுவை அங்கே ஏற்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வேனை வீடாக மாற்றுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. பழைய வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் பொருத்திவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது ஆர்.சி. புத்தகத்தைத்தான். கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரம் இருக்கிறது. அதன்படி கட்டிய வண்டியை வாங்குங்கள், அல்லது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நாயைப் பொறுத்தவரை, மார்புப் பட்டை போட்டு சீட் பெல்ட்டோடு இணைப்பதோ, இறுக்கிக் கட்டிய கூண்டோதான் சரி. ஓட்டுநர் மடியில் நாய் உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அடுத்தவர் வண்டிக்குள் நாய் தவிப்பதைப் பார்த்தால், பக்கத்துக் கடைகளில் விசாரித்து உரிமையாளரைத் தேடச் சொல்லிக்கொண்டே 112-ஐ அழையுங்கள், கைபேசியில் படம் பிடியுங்கள். கண்ணாடியை உடைக்க வேண்டி வந்தால் போலீஸ் முன்னிலையில் செய்வதே பாதுகாப்பு. அரசின் கால்நடை அவசர எண் 1962.

கோயிலுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. அதனால் இப்போது முறை வைத்துக்கொள்கிறோம். விடியற்காலையில் ஊர்போய்ச் சேர்ந்து, ஒருவர் கல்வெட்டைப் பார்க்கும்போது மற்றவர் மணியோடு ஆற்றங்கரையில் உட்காருகிறார், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு.