அரியருக்கும் ஒரு பக்கம்

பட்டம் வாங்கிய பிள்ளை இருக்கும் வீட்டைக் கூடத்துச் சுவரே காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். ஸ்டூடியோவில் எடுத்த படமென்றால் அந்தச் சுருள் பெரும்பாலும் வெறும் தாள்தான். அப்பா ஆசைப்பட்டு மாட்டுகிறார், மாட்டட்டும். ஆனால் அங்கிக்குள் யார் நின்றாலும் படம் ஒன்றுபோலவே இருக்கிறது. படித்த வருடங்களில் என்னவெல்லாம் நடந்தது என்று அதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அதைச் சொல்லத்தான் ஸ்கிராப் புக். பெயரைக் கேட்டதும் தலைவர்கள் படத்தை வெட்டி ஒட்டிய பள்ளிக்கூட ப்ராஜெக்ட் ஞாபகம் வருகிறதா? வேலை அதேதான், விஷயம் மட்டும் உங்களுடையது. கடைசி நாளில் கைமாறிய ஆட்டோகிராப் நோட்டுக்கும், பிறகு வந்த ஸ்லாம் புக்குக்கும் இதை வாரிசு என்று சொல்லலாம்.

எதை ஒட்டுவது? ஹால் டிக்கெட், பஸ் பாஸ், மெஸ் டோக்கன், சிம்போசியத்தில் கழுத்தில் தொங்கிய அட்டை, சிவப்பு மையில் அடித்துத் திருப்பித் தந்த ரெக்கார்டு நோட்டின் ஒரு பக்கம். ஃபேர்வெல் அன்று எல்லோரும் மார்க்கரால் கிறுக்கிய வெள்ளைச் சட்டையை அலமாரியில் மடித்து வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? கையெழுத்துகள் நிறைந்த ஒரு துண்டை வெட்டி ஒரு பக்கம் முழுக்கத் தைத்துவிடுங்கள். அரியர் இருந்ததா? அதற்கும் கட்டாயம் ஒரு பக்கம். மூன்றாவது முறை எழுதித் தேறிய கணக்குத் தாளின் ரிசல்ட், அன்று ராத்திரி நண்பர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்த பில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தங்கப் பதக்கக்காரரின் ஆல்பத்தைவிட இதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் இன்னொரு பக்கம் கூடுதல். தொழிற்கல்வி படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010-ல் கட்டணச் சலுகை கொண்டுவந்தது. அதற்காக அலைந்து வாங்கிய ‘முதல் பட்டதாரி’ சான்றிதழின் நகலை ஒட்டுங்கள். செமஸ்டர் ஃபீஸுக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருந்தால் அந்த ரசீதின் நகலும், மீட்ட தேதியும் கூடவே வரட்டும். கீழே அம்மாவையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்றால் அந்தக் கையெழுத்தே போதும்.

கடையில் விற்கும் தொப்பி போட்ட ஆந்தை ஸ்டிக்கர், மினுமினுப்புத் தூள் எல்லாம் என் கணக்கில் வீண் செலவு. ஒரு பக்கத்துக்கு ஒரு சம்பவம், ஒரு பெரிய படம், இரண்டு மூன்று துண்டுத் தாள், கைப்பட நாலு வரி. அந்த நாலு வரியில் ஊர், தேதி, பெயர் எல்லாம் வரவேண்டும், பட்டப்பெயரும்தான். இருபது வருடம் கழித்து ‘பல்லி’ ஞாபகம் இருப்பான், அவன் சொந்தப் பெயர் மறந்துபோகும்.

பசை விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்கிராப் புக் பைத்தியமான அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பசையோடு மல்லுக்கட்டிச் சலித்து, பக்கத்திலேயே பசை தடவிய நோட்டு ஒன்றை உருவாக்கி 1873-ல் காப்புரிமையே வாங்கினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மைதாப் பசை வேண்டாம். மாவுச்சத்து என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. செலோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். தாத்தா வீட்டுக் கறுப்புத் தாள் ஆல்பத்தில் படத்தின் நாலு மூலையையும் பிடித்திருக்கும் முக்கோணக் கார்னர்களைப் பார்த்திருப்பீர்கள். படத்தின் மேல் பசையே படாமல் நிற்க அதைவிட நல்ல வழி இல்லை. தாள் கெட்டியாக, அமிலமில்லாததாக இருக்கட்டும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சார்ட் பேப்பர் பழுத்துப்போகும்.

பஸ் டிக்கெட், ஹோட்டல் பில் போன்றவை இப்போது மையில்லாமல் சூட்டில் அச்சாகிறவை. வைத்த இடத்திலேயே எழுத்து மங்கிவிடும். வாங்கிய சூட்டோடு ஜெராக்ஸ் எடுத்து நகலை ஒட்டுங்கள். மார்க்‌ஷீட்டும் டிகிரி சான்றிதழும் ஒருக்காலும் அசலாக ஒட்டக்கூடாது. வேலைக்கும் வெளிநாட்டுக்கும் அவை தேவைப்படும்.

பல கல்லூரிகளில் பட்டமளிப்பு விழா, படிப்பு முடிந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் நடக்கிறது. அதுவரை காத்திருந்தால் பாதி மிஞ்சாது. கடைசிப் பரீட்சை முடிந்து ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும்போது, பழைய பேப்பர்காரருக்குப் போடும் மூட்டையை ஒரு தரம் கொட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.