கறுப்பு ரீசேர்ட்டில் உள்ள கோடுகள்

எங்கள் பிள்ளைகள் போடும் கறுப்பு ரீசேர்ட் ஒன்றில் மலைத்தொடர் போன்ற வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது மலை அல்ல. 1967இல் கேம்பிரிட்ஜ் மாணவி ஜோசலின் பெல் கண்டறிந்த முதலாவது பல்சர் விண்மீனின் வானொலித் துடிப்புகள். 'ஜோய் டிவிஷன்' என்ற ஆங்கிலேய இசைக்குழு 1979இல் வெளியிட்ட 'அன்நோன் பிளெஷர்ஸ்' இசைத்தட்டின் அட்டைப்படம் அது. சட்டையை வாங்குவோரில் எத்தனை பேர் பாட்டைக் கேட்டார்களோ!

பங்க் இசையின் ஆவேசம் தணிந்தபின் வந்த போஸ்ட் பங்க் வகை இது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஸ்டொக்போர்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம்களைத் தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அதனால் ஒவ்வொரு அடியும் வெறும் மண்டபத்துக்குள் கேட்பதுபோல இருக்கும். குழுவில் இருவருக்கே அது முதலில் பிடிக்கவில்லை.

பாடகர் இயன் கர்ட்டிஸ், மக்கள்ஸ்பீல்ட் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் அரச அலுவலர். அங்கே வேலை தேடி வந்த ஒரு பெண்ணுக்கு வலிப்பு நோய். பின்னர் அந்த நோயாலேயே அவர் இறந்துபோனார். 'ஷீஸ் லொஸ்ட் கொன்ட்ரோல்' என்ற பாடல் அப்படிப் பிறந்தது. ஒலிப்பதிவுக்குச் சில மாதங்களுக்கு முன் கர்ட்டிசுக்கும் அதே நோய் என்று தெரியவந்தது. மேடையில் அவர் ஆடுகிறாரா, வலிப்பு வந்துவிட்டதா என்று பார்த்தவர்களுக்குச் சிலவேளை புரியவில்லை. மனச்சோர்வும் சேர்ந்தது. 1980 மே மாதம், 23 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கலியாணப் பேச்சுக்குப் பயந்து வலிப்பை மறைக்கும் வீடுகள் எங்களிடமும் உண்டு. அடுத்தமுறை அந்தச் சட்டையை மடிக்கும்போது, பிள்ளையிடம் அந்தப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து கேட்போம்.