மருட்கையும் நன்றியும்: சுவாமிமலை காட்டும் வழி

முன்னுரை

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் பயணியர் தொடர்வண்டியில் பல்லாண்டுகள் நாள்தோறும் சென்று வந்தவன் நான். அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரப்பெருமாள்கோவில், சுவாமிமலை, தாராசுரம் என நிலையங்களின் பெயர்கள் வாய்பாடு போல் மனத்தில் பதிந்துவிட்டன. சாளரத்திற்கு வெளியே நாற்றங்கால் பசுமையும் நடவும் அறுவடையும் மாறி மாறி வந்துபோயின. நானோ செய்தித்தாளில் முகம் புதைத்திருந்தேன். சுவாமிமலை என்பது, 'கும்பகோணம் வரப்போகிறது. தாளை மடித்து வைக்கலாம்' என்று எனக்கு நினைவூட்டும் ஓர் அடையாளம். அவ்வளவே!

2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வறட்சி மிக்க ஒரு நாளில், வகுப்பறையில் திருக்குறளின் பதினோராம் அதிகாரமாகிய செய்ந்நன்றி அறிதலை விளக்கிக்கொண்டிருந்தேன். பாபநாசம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் வீட்டில் குறுவை நட்டு ஐந்தாண்டு ஆகிறது. இந்த ஆண்டு சம்பாவும் கருகிவிட்டது. நாங்கள் யாருக்கு, எதற்கு நன்றி சொல்வது?" என்று வினவினார். வினாவில் பணிவு இருந்தது. அதனினும் மிகுதியாக வலி இருந்தது. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இரண்டு சொற்கள்

நன்றி என்னும் சொல்லை இன்று நாம் ஒரு மரியாதை மொழியாகக் கையாளுகிறோம். விழா மேடையின் இறுதி நிகழ்ச்சிக்கு 'நன்றியுரை' என்று பெயர். அப்பொழுது அவையில் பாதிப்பேர் எழுந்து சென்றிருப்பர். பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் வேறு. நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த நன்மையே செய்ந்நன்றி. வள்ளுவர் அதிகாரத்திற்கு இட்ட பெயரில் 'கூறல்' இல்லை; 'அறிதல்' என்றே உள்ளது. எனவே நன்றியுணர்வு என்பது முதற்கண் ஓர் அறிவுச் செயல். நம்மிடம் வந்து சேர்ந்த நன்மை எங்கிருந்து, எவர் கைவழி, எத்துணை உழைப்பில் வந்தது என்று அறிதல் வேண்டும். அறியாதவன் ஆயிரம் முறை நன்றி என்று சொன்னாலும் அது வெறும் ஒலியே.

அடுத்த சொல் மருட்கை. வியப்பைத் தொல்காப்பியர் இச்சொல்லால் குறித்து, எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் களங்கள் நான்கு என்றும் வகுத்தார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கம் என்பதற்கு ஒரு பொருள் இன்னொன்றாக மாறி அமைதல் என்று உரையாசிரியர் பொருள் காண்பர். பெரியது மட்டுமன்றிச் சிறியதும் வியப்புக்குரியது என்று அவர் கண்டது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வியந்தவன் வினவுகிறான், வினவியவன் அறிகிறான், அறிந்தவன் நன்றியுடையவன் ஆகிறான். மருட்கை வாயில் என்றால், நன்றி அதன்வழி நுழைந்து காணும் இல்லம்.

இந்நான்கு களங்களையும் ஒருங்கே காணும் வாய்ப்பு எனக்குச் சுவாமிமலையில் கிட்டியது. மேற்கூறிய மாணவரும் அவர்தம் வகுப்புத் தோழரும் உடன் வர, ஒரு விடுமுறை நாளில், முதன்முறையாக அந்நிலையத்தில் இறங்கினேன்.

புதுமை

தொலைவில் உள்ளதே புதுமை என்பது பொதுவான எண்ணம். மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304 இல் பிறந்த இப்னு பதூதா, 1325 இல் ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகைச் சுற்றினார். பதினான்காம் நூற்றாண்டின் நாற்பதுகளில் தமிழகக் கரையில் இறங்கி மதுரைக்கும் வந்தார். அவர் சொல்லச் சொல்ல 1355 இல் எழுதி முடிக்கப்பெற்ற பயண நூலின் நெடிய பெயரிலேயே நகரங்களின் புதுமைகளும் பயணங்களின் வியப்புகளும் இடம்பெற்றுள்ளன. அவருக்கு வியப்பாகத் தோன்றியவற்றுள் பல, அவ்வவ்வூர் மக்களுக்கு அன்றாட நடைமுறைகள். வெற்றிலையையும் தென்னையையும் அவர் விரித்துரைப்பதைப் படிக்கும்போது நமக்கே அவை புதியனவாகத் தோன்றுகின்றன.

புதுமை பொருளில் இல்லை, காணும் கண்ணில் இருக்கிறது என்பதற்கு இஃதொன்றே சான்று. நான் பல்லாண்டுகள் கடந்து சென்ற ஊர், இறங்கி நடந்த அரைமணி நேரத்தில் அயல்நாடு போலாயிற்று. தெருவில் உளிகளின் ஒலி. திண்ணையில் அரத்தால் தேய்க்கும் ஓசை. காற்றில் குங்கிலிய மணம்.

பெருமை

காவிரிச் சமவெளியில் மலை இல்லை, பாறையும் இல்லை. ஆறு கொணர்ந்து கொட்டிய வண்டலே இந்நாடு. இங்கே ஊர்ப்பெயரில் 'மலை' வந்தது எவ்வாறு? அது கட்டுமலை. மக்கள் கல்லைக் கொணர்ந்து அடுக்கி உயர்த்திய குன்று. முருகனின் ஆறுபடை வீடுகளுள் நான்காவதாகப் போற்றப்படும் இக்கோயிலுக்கு ஏறும் படிகள் அறுபது. தமிழாண்டுகள் அறுபதின் பெயர்களை அவை தாங்குகின்றன. தந்தைக்கு மகன் பொருளுரைத்த இடம் என்பது தலவரலாறு. மூத்தவரும் இளையவரிடம் கேட்டறியலாம் என்னும் கருத்து ஆசிரியராகிய எமக்கும் ஒரு பாடமன்றோ!

இந்நாட்டின் பெருமைக்கு இன்னொரு சான்று கல்லணை. கரிகாலன் கட்டியது எனப் போற்றப்படும் அவ்வணை ஆற்று மணலின்மேல் நிற்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குப் பணியாற்றிய பொறியாளர் ஆர்தர் காட்டன் அதனைக் கண்டு வியந்தார். அடித்தளம் காண முடியாத மணலில் அணை எழுப்பும் நுட்பத்தை அப்பழங்காலத் தமிழரிடமே கற்றதாக வெளிப்படையாக எழுதினார். அவ்வறிவு பின்னர் கோதாவரியின் குறுக்கே தௌலேசுவரத்தில் அவர் கட்டிய அணைக்கும் துணை நின்றது. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், பெயரறியாத முன்னோர்க்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டார். வியப்பு நன்றியாகக் கனிந்த நிகழ்ச்சி இது.

சிறுமை

சிறுமை என்றது இழிவையன்று, நுண்மையை. நம் தட்டில் இடப்படும் சோற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் செலவாகும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கணிப்பு. நூறு கிராம் அரிசிக்கு ஏறத்தாழ நூற்றைம்பது கிராம் நெல் வேண்டும். அவ்வாறாயின் நாம் ஒருவேளை உண்ணும் நூறு கிராம் அரிசிக்குப் பின்னால் ஏறத்தாழ 375 லிட்டர் நீர் நிற்கிறது. ஒரு பிடிச் சோற்றை இலையில் எறிந்துவிட்டு எழுபவர், பல குடம் நீரைக் கொட்டிவிட்டு எழுகிறார்.

அந்த நீரோ தலைக்காவிரியில் ஊற்றெடுத்து, 1934 இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, கிளையாறும் வாய்க்காலும் மடையும் கடந்து வயலை அடைகிறது. காவிரியின் முழு நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஒரு பருக்கையின் வரலாற்றை எழுதப் புகுந்தால் இரு மாநிலங்களின் நிலநூலையே எழுத நேரிடும்.

ஆக்கம்

சுவாமிமலையின் தனிச்சிறப்பு அதன் உலோக வார்ப்புக் கலை. வழிபாடு அவரவர் நெறியைச் சார்ந்தது. ஆனால் உழைப்பின் நேர்த்தி மனிதர் அனைவர்க்கும் பொதுவான செல்வம். ஒரு பட்டறையில் முதிய தபதி ஒருவர் எங்களை அமரச் செய்து, வேலையின் படிகளைப் பொறுமையுடன் விளக்கினார்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் முதலில் உருவம் அமைக்கிறார்கள். உயரத்திற்கேற்ப நறுக்கிய தென்னை ஓலையை மடித்து மடித்தே அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் அம்மெழுகின்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மெழுகில் கீறிய மயிரிழை போன்ற கோட்டையும் அம்மண் அப்படியே வாங்கிக்கொள்ளும். அதன்மேல் வயற் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. அதற்கும் மேல் பருமணல் சேர்ந்த பூச்சு. பெரிய அச்சாயின் இரும்புக் கம்பியால் கட்டுவார்கள். நன்றாக உலர்ந்தபின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறுகிறது. உள்ளே எஞ்சுவது வெறுமை. அவ்வெறுமையில்தான் உருகிய உலோகத்தை வார்க்கிறார்கள். செம்பும் பித்தளையும் ஈயமும் அதில் முதன்மையானவை. வெள்ளியும் பொன்னும் சிறிதளவு சேரும். வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமுடையது. ஆதலால் மெழுகின் எடையைக் கொண்டே வேண்டிய உலோகத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆறியபின் அச்சை உடைக்க வேண்டும். உடைத்த அச்சு மீண்டும் பயன்படாது. எனவே இங்கு உருவாகும் ஒவ்வொன்றும் ஒருமுறையே பிறப்பது. மெழுகு தன்னை இழந்தது. மண் தன்னை உடைத்துக்கொண்டது. எஞ்சிய உலோகத்தை மட்டும் உலகம் காண்கிறது. புதுதில்லி பாரத மண்டபத்தின் முன், 2023 இல் ஜி20 மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் சிலையும் இவ்வூர்த் தபதியரின் இம்முறை வார்ப்பே. அதனை வியப்பவர் பலர்; அதற்காக உருகிய மெழுகையும் உடைந்த மண்ணையும் நினைப்பவர் எத்துணைப் பேர்?

நம் ஒவ்வொருவரின் வாழ்விலும் இத்தகைய மெழுகும் மண்ணும் உண்டு. படிக்க வைத்த தாய், வளைகுடா நாட்டு வெயிலில் உழைத்துப் பணம் அனுப்பிய அத்தா, எழுத்தறிவித்த ஆசிரியர் என்று அவர்களை எண்ணிப் பார்க்கலாம். அச்சு உடைந்து போனபின் உருவத்தை மட்டும் நம்முடையது என்கிறோம்.

அறிந்தோர் செய்தது

தமிழ்ப் புலவர் இக்கடனை மறந்தாரல்லர். பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், தம்மை ஆதரித்த வள்ளல் அபுல்காசிமை அந்நூலுள் போற்றி வைத்தார். அவரே அரபு நாட்டை வருணிக்கும்போது, மழையும் ஆறும் வயலும் செழித்த தமிழ் மருத நிலமாகவே காட்டினார். தம்மை வளர்த்த மண்ணுக்கு அவர் செலுத்திய நன்றி என்றே அதனைக் கொள்ளலாம். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக விளங்கிய உ.வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக நடந்தவர். அவர் தம் முதுமையில், தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி 1933 இலும் 1934 இலும் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்நன்றி உலரவில்லை.

மாணவரின் வினா

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். மேட்டூர் அணை சூன் 12 ஆம் நாள் திறக்கப்படுவது மரபு. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டாண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020 இல்தான் குறித்த நாளில் நீர் வந்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. கருகிய பயிரின்முன் நிற்பவரிடம் 'நன்றியுடன் இரு' என்று அறிவுரை கூறுவது அறமாகாது. அது வயிறு நிறைந்தவர் பேச்சு. நன்றி என்பது குறையைக் குறையன்று என்று சாதிப்பதும் அன்று. உரிமையைக் கேளாது வாய்மூடி இருப்பதும் அன்று.

பட்டறையின் மூலையில் உடைந்த அச்சுத் துண்டுகள் குவிந்து கிடந்தன. அம்மாணவர் ஒன்றைக் கையிலெடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். "ஐயா, இது எங்கள் வயல் மண் மாதிரியே இருக்கிறது" என்றார். தபதி முறுவலித்து, "வயல் மண்ணேதான் தம்பி! அது இல்லாவிட்டால் எங்களுக்கு வேலை ஏது?" என்றார். திரும்பும் வழியில் அம்மாணவர் தாமாகவே சொன்னார்: சம்பா கருகிய அந்த ஆண்டிலும் அவர் தந்தையார் விதைநெல்லை விற்கவில்லையாம், வெயிலில் காயவைத்துக் கோட்டை கட்டி வைத்திருந்தாராம். "ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை ஐயா" என்றார்.

அந்த விதைநெல்லில் எனக்கு விடை கிடைத்தது. நன்மையின் மூலத்தை அறிந்தவரே அதனைக் காப்பவர். ஆற்றின் அருமை அறிந்தவர் அதன் மணலை அள்ளி விற்க உடன்படார், ஏரியைத் தூர்க்கார், நீருக்கான உரிமையை விட்டுக்கொடார். காவிரிப் படுகை 2020 இல் சட்டத்தின்வழி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்பட்டதற்கும், இம்மண்ணின் அருமையறிந்த உழவரின் நெடுநாட் குரலே அடிப்படை. நன்றி அடங்கிப்போகும் பண்பன்று. காத்து நிற்கும் பண்பு.

நிறைவுரை

வியப்புக்காக வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாணவச் செல்வங்கள் நாளொன்றுக்கு ஒரு பொருளை எடுத்து, 'இஃது எவ்வழி வந்தது?' என்று வினவிப் பழகினாலே போதும். தாம் பிறந்த ஊரில் ஒருமுறையேனும் வழிப்போக்கராக நடந்து பார்க்கட்டும். நன்மை செய்தவர் உயிரோடிருக்கும்போதே, அவர் செய்தது இன்னது என்று அறிந்து அவரிடம் சொல்லட்டும். மேடை நன்றியுரைக்கு அதுவரை காத்திருக்க வேண்டா.

இன்றும் அத்தொடர்வண்டியில் செல்லும் வாய்ப்பு எப்போதேனும் நேர்கிறது. பாபநாசம் கடந்ததும் செய்தித்தாளை மடித்துவிடுகிறேன். சாளரத்தின் வழியே அவ்வயல்களின் மண்ணைப் பார்த்துக்கொண்டே சுவாமிமலையைக் கடக்கிறேன்.