காலம் தவறா இயந்திரங்கள்

ஜமாஅத் தொழுகையில் இமாம் தக்பீர் சொன்னதும் அணியணியாய் நிற்போர் அனைவரும் ஒருசேரக் குனிகின்றனர், ஒருசேர நிமிர்கின்றனர். இன்றைய தொழிற்கூடங்களில் இயங்கும் நூற்றுக்கணக்கான மின்னோடிகளுக்கும் இத்தகைய ஒழுங்கே தேவைப்படுகிறது.

வண்ண அச்சு இயந்திரத்தைக் காண்போம். நான்கு வண்ணங்களுக்கு நான்கு உருளைகள். முன்னாளில் நீண்ட எஃகுத் தண்டும் பற்சக்கரங்களும் அவற்றை இணைத்தன. பின்னர் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி சர்வோ மோட்டார் வந்தது. அவற்றுக்குக் கட்டளையிடுவது இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவி. தாள் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகையில், ஒரு மோட்டார் மற்றவற்றினும் 1 மில்லி வினாடி பிந்தினால் அதன் வண்ணம் 1 சென்டிமீட்டர் விலகிவிடும். விலகல் 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டுமாயின், காலப்பிழை 10 மைக்ரோ வினாடியைத் தாண்டலாகாது.

இப்பணிக்கு ஈதர்நெட் உதவுமா? 1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் இராபர்ட் மெட்காஃப் வகுத்த அம்முறையில் கணிப்பொறிகள் பல ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதும். இரண்டும் சற்றே காத்திருந்து மீண்டும் அனுப்பும். பிற்காலத்து ஸ்விட்ச் கருவிகள் மோதலை நீக்கின. ஆயினும் செய்திகள் வரிசையில் காத்திருக்கும் நிலை நீங்கவில்லை. அலுவலகக் கடிதம் சற்றுப் பிந்தினால் குற்றமில்லை. ஆனால், எப்போது சேரும் என்று உறுதி கூறவியலாத கட்டளை இயந்திரத்திற்குப் பயன்படாது.

இக்குறையைக் களைந்த முறைகளுள் ஒன்று ஈதர்கேட். ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003இல் இதனை அறிமுகப்படுத்தியது. ஒரு மோட்டாருக்குரிய செய்தி சில பைட்டுகளே. ஈதர்நெட் பொதியோ குறைந்தது 64 பைட்டுகள். ஆளுக்கொரு பொதி அனுப்புவது வீண்செலவன்றோ? ஆதலால் ஒரே பொதி எல்லாக் கருவிகளின் வழியாகவும் செல்கிறது. தெருவில் நடந்துகொண்டே ஒவ்வொரு வீட்டிற்கும் உரிய கடிதத்தைக் கொடுத்து, அவ்வீட்டார் நீட்டும் மறுமொழியைப் பெற்றுச் செல்லும் அஞ்சல்காரரைப் போல, அப்பொதி எங்கும் நிற்பதில்லை.

எனினும் முதற்கருவிக்கும் கடைசிக் கருவிக்கும் அது ஒரே கணத்தில் சேராதே! இதற்கும் வழியுண்டு. கருவிகள் தத்தம் கடிகாரம் கொண்டுள்ளன. ஒவ்வொன்றையும் செய்தி அடைய ஆகும் நேரம் அளக்கப்பட்டு, கடிகாரங்கள் ஒன்றோடொன்று 1 மைக்ரோ வினாடிக்கும் குறைந்த வேறுபாட்டில் இணக்கப்படுகின்றன. கட்டளை முன்பின்னாகச் சேரினும், குறித்த கணத்தில் அனைத்தும் ஒருங்கே செயற்படும்.

கம்பி அறுந்தால்? வளையமாக இணைத்திருப்பின் மறுபக்கமாகச் செய்தி செல்லும். செய்தி அறவே நின்றுபோனால், குறித்த நேரம் காத்திருந்தபின் மோட்டார் தானே பாதுகாப்பு நிலைக்கு வருமாறு அமைத்தல் வேண்டும். கட்டளையின்றிச் சுழலும் உருளையின் அருகே ஒரு தொழிலாளியின் கை இருக்கலாம் அல்லவா?

விரைவு வேறு, காலந்தவறாமை வேறு. ஐவேளையும் நேரங்குறித்துத் தொழும் சமுதாயத்திற்கு இவ்வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ? மின்னணுவியல் பயிலும் நம் மாணவர்கள் இத்துறையிலும் கருத்தைச் செலுத்துவார்களாக.