சார்லஸ் டெய்லர்: பக்கத்து நாட்டுப் போருக்காகச் சிறை சென்ற அதிபர்

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இறந்தவர்கள் சுமார் 50,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானோர் கைகால்களை இழந்தார்கள். வெட்டியவர்கள் 'புரட்சிகர ஐக்கிய முன்னணி' என்ற கிளர்ச்சிப் படையினர். அந்தக் கொடுமைகளுக்காக 50 ஆண்டு தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரோ பக்கத்து நாடான லைபீரியாவின் முன்னாள் அதிபர். அவர் அங்கே போய் ஒருவரையும் வெட்டவில்லை. அப்படியானால் எதற்காகத் தண்டித்தார்கள்?

1948-இல் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவுக்கு அருகே ஆர்த்திங்டனில் பிறந்த சார்லஸ் டெய்லர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பொருளாதாரம் படித்தவர். 1980-இல் சாமுவேல் டோ என்ற ராணுவ வீரர் லைபீரியாவில் ஆட்சியைப் பிடித்தபோது, டெய்லருக்கு அரசின் கொள்முதல் துறையில் தலைமைப் பதவி கிடைத்தது. சுமார் 9 லட்சம் டாலர் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டதும் அமெரிக்காவுக்கு ஓடினார். அங்கே கைதாகி, 1985-இல் பிளிமத் சிறையிலிருந்து தப்பினார். ஜன்னல் கம்பியை அறுத்து வெளியேறினார் என்பது அப்போது வந்த செய்தி. காவலரே கதவைத் திறந்துவிட்டார் என்று டெய்லர் பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னார். எப்படியோ, அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் கடாபி ஆண்ட லிபியா. ஆயுதப் பயிற்சியும் பணமும் அங்கிருந்து வந்தன.

1989 டிசம்பர் 24 அன்று ஒரு சிறு படை ஐவரி கோஸ்ட் எல்லை வழியாக லைபீரியாவுக்குள் நுழைந்தது. டெய்லரின் போர் அப்படித்தான் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் கையில் துப்பாக்கி கொடுத்து, 'சிறுவர் பிரிவு' என்றே தனியாக ஒரு படை வைத்திருந்தார்கள். 1997 தேர்தலில் டெய்லர் சுமார் 75 சதவீத வாக்குகளுடன் அதிபரானார். அவர் தோற்றால் மறுபடி காட்டுக்குப் போய்ப் போரைத் தொடங்குவார் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அன்பென்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். சியரா லியோன் கிளர்ச்சிப் படையின் தலைவர் ஃபொடே சங்கோவும் லிபியாவில் பயிற்சி பெற்றவர். அவருடைய ஆட்களுக்கு டெய்லரிடமிருந்து ஆயுதம், தோட்டா, ஆட்கள், தங்க இடம் எல்லாம் போயின. சியரா லியோனின் வைரங்கள் டெய்லரிடம் வந்தன. 1998 இறுதியில் பெரும் ஆயுதச் சரக்கு ஒன்று புர்கினா பாசோவிலிருந்து மன்ரோவியா வழியாகக் கிளர்ச்சிப் படைக்குப் போய்ச் சேர்ந்தது. வைரம் விளையும் கோனோ மாவட்டத்தைத் தாக்கவும், 1999 ஜனவரி 6 அன்று தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகவும் அது பயன்பட்டது. அந்தத் தாக்குதலைக் கிளர்ச்சிப் படைத் தளபதி சாம் பொக்கரியோடு சேர்ந்து டெய்லர் திட்டமிட்டார் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 2000-இல் இதே கிளர்ச்சிப் படை ஐ.நா. அமைதிப் படையினர் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து வைத்தது. கயிலாஹுனில் முற்றுகையில் சிக்கிய இந்திய வீரர்கள் ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' நடவடிக்கையால்தான் வெளியே வந்தார்கள்.

ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் 2003-இல், பதவியில் இருக்கும்போதே, டெய்லர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆகஸ்டில் அவர் பதவி விலகி நைஜீரியாவில் தஞ்சம் புகுந்தார். அதிபருக்கு விலக்கு உண்டு என்ற அவரது வாதம் 2004-இல் தள்ளப்பட்டது. 2006 மார்ச்சில் கேமரூன் எல்லையருகே பிடிபட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் மறுபடி கலவரம் மூளலாம் என்று அஞ்சி விசாரணையை நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு மாற்றினார்கள். அரசுத் தரப்பில் 94 பேர் சாட்சி சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் முண்டியடித்து எழுதியது, டெய்லர் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட வைரக் கற்களைப் பெற்றது பற்றி மாடல் அழகி நவோமி கேம்ப்பெல் பேசிய ஒரு நாளைப் பற்றித்தான். கையிழந்தவர்கள் நீதிமன்றத்தில் பேசிய நாட்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

தீர்ப்பு 2012 ஏப்ரல் 26 அன்று வந்தது. கிளர்ச்சிப் படை டெய்லரின் கட்டளைக்குக் கீழே இருந்தது என்ற குற்றச்சாட்டை நீதிபதிகள் ஏற்கவில்லை. உதவியதும் தூண்டியதும் திட்டமிட்டதும் நிரூபணமாயின; கொலை, பாலியல் வன்முறை, சிறுவர்களைப் படையில் சேர்த்தது உள்ளிட்ட 11 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்றார்கள். குறிப்பிட்ட ஒரு குற்றத்தை நோக்கியே உதவி தரப்பட்டதாகக் காட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டில் அவர் தரப்பு வாதிட்டது. யூகோஸ்லாவியப் போர்க்குற்ற நீதிமன்றம் 2013-இல் ஒரு ராணுவத் தளபதியை அந்தக் காரணத்தால் விடுவித்திருந்தது. சியரா லியோன் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. உதவி அந்தக் குற்றங்களுக்குக் கணிசமாகக் கைகொடுத்தது, அது எதற்குப் பயன்படும் என்று கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. இவ்விரண்டும் போதும் என்றது. என் பார்வையில் இந்த வழக்கு உலகுக்குக் கொடுத்த பெரிய கொடை இதுதான். படுகொலை செய்யும் படைக்கு, தெரிந்தே தோட்டா அனுப்பும் எந்த அதிபரும் இனி எல்லைக்கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. 2013 செப்டம்பரில் தண்டனை உறுதியானது. இப்போது அவர் இங்கிலாந்தில் சிறையில் இருக்கிறார்.

ஆனால் இந்தத் தீர்ப்பு முழுவதும் சியரா லியோன் பற்றியது. லைபீரியாவின் இரண்டு உள்நாட்டுப் போர்களில் சுமார் 2,50,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். போர்க்குற்றங்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று அந்நாட்டின் உண்மை அறியும் ஆணையமே 2009-இல் பரிந்துரைத்தது. டெய்லரின் மகன்கூட லைபீரியாவில் செய்த சித்திரவதைகளுக்காக அமெரிக்காவில்தான் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகம் ஒன்றை உருவாக்கும் ஆணையில் லைபீரிய அதிபர் ஜோசப் போகாய் கையெழுத்திட்டது 2024 மே மாதத்தில். சொந்த நாட்டு மக்களுக்குச் செய்தவற்றுக்காக டெய்லர் இதுவரை எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை.