பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

கும்மிடிப்பூண்டி லைன் வண்டி, சென்ட்ரலுக்கு முன்னாடி பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்பது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசில்லை. போன மாசம் அப்படி நின்னப்போ, எதிர் சீட்டில் கிட்டார் பையோடு ஒரு தம்பி. திருவொற்றியூரில் ஏறினவன், சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறானாம்.

"நாலு கம்பி பத்தலண்ணா. ரெண்டு மாச சம்பளம் சேத்து வச்சிருக்கேன். அஞ்சு கம்பி வாங்கிடவா?"

அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1951-ல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு நாலு கம்பி: ஈ, ஏ, டி, ஜி. அடி ஈ 41 ஹெர்ட்ஸ். அஞ்சாவது கம்பி பெரும்பாலும் அதற்கும் கீழே உள்ள பி, 31 ஹெர்ட்ஸ். ஆக, கூடுதல் காசுக்குக் கிடைப்பது கீழே ஐந்தே சுரங்கள். ஆறு கம்பி என்றால் வழக்கமாக மேலே ஒரு சி-யும் சேரும். தனியாக மெலடி வாசிப்பவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும்.

அந்த ஐந்து சுரங்கள் தேவையா? பாட்டு சி, டி, ஈ ஃபிளாட் சுருதியில் இருந்தால் தேவைப்படும். நாலு கம்பியில் அவற்றை ஒரு ஸ்தாயி மேலேதான் வாசிக்கணும். தப்பில்லை, ஆனால் கனம் குறையும். அதனால முதல் வேலை: கடைசியா வாசிச்ச பத்துப் பாட்டின் சுருதியை நோட்டில் எழுதிப் பாருங்க.

அடுத்தது ஸ்பீக்கர். சின்னப் பெட்டியில் 31 ஹெர்ட்ஸ் சரியா வராது. 62, 93-ல் வரும் மேல் ஒலிகளைக் கேட்டு மூளைதான் அடியை ஊகிச்சுக்கும். அதோடு அஞ்சு கம்பியில் கழுத்து அகலம். வாசிக்காதபோது பி கம்பி அதிராமல் கட்டை விரலால் அமுக்கியே வைக்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கு. அஞ்சு கம்பி செட் வாங்கி, ஜி-யை விட்டுட்டு பி, ஈ, ஏ, டி நாலையும் இருக்கிற கிட்டாரிலேயே மாட்டலாம். பி தடியா இருக்கும். நட்டில் உள்ள பள்ளங்களை ரிப்பேர்காரர் கொஞ்சம் அகலப்படுத்தி, கழுத்தையும் சரிபார்த்துத் தரணும்.

"ஜி கம்பிய எப்போ கடைசியா தொட்ட?" என்று கேட்டேன்.

யோசிச்சான். "ஞாபகமே இல்லண்ணா."

"அப்போ ஒரு மாசம் அப்படி வாசிச்சுப் பாரு. ஜி இல்லாம கை தவிச்சா அஞ்சு கம்பி வாங்கு. தவிக்கலன்னா, சம்பளம் மிச்சம்."

சிக்னல் விழுந்தது.